எடுத்த இடத்தையும் குறித்து வையுங்கள்

ஐயா,

விடுமுறை நாட்களில் பெரம்பலூர் மாவட்டம் காரைக்கு வருபவர்கள், அங்கே கிடக்கும் அம்மோனைட்டுகளை, அதாவது அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிர்களின் புதைபடிவங்களை, பையில் அள்ளிக்கொண்டு போவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது. மழை அரித்த களிமண் மேடுகளில் ஜிப்சம் வெள்ளையாக மின்னும். அதனிடையே சுருள் சுருளாக இந்தக் கல். அதன் வரிகளை விரலால் தடவினாலே போதும், சுமார் பத்து கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததை நம்பிவிடலாம். ஆசை வருவது இயல்புதான்.

ஆனால் அம்மோனைட் இனங்கள் வேகமாகத் தோன்றி மறைந்தவை. எந்த இனம் எந்தப் பாறை அடுக்கில் கிடைக்கிறது என்பதை வைத்தே பாறையின் வயதைக் கணிக்கிறார்கள். அடுக்கு தெரியாத கல் அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான்.

இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ், சார்மத் கடற்கரைகளில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பாறைச் சரிவிலிருந்து தானாக விழுந்த ஜுராசிக் கால அம்மோனைட்டை யாரும் எடுத்துக்கொள்ளலாம். விட்டால் அலை நொறுக்கிவிடும். சரிவைத் தோண்டக் கூடாது. அறிவியலுக்கு முக்கியமானது கிடைத்தால் சார்மத் மையத்தில் பதிய வேண்டும்.

சாத்தனூர் கல்மரத்துக்கு வேலி போட்டோம், வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் வந்துவிட்டது. சரி, காரைக்கு? ஒரு பதிவேடும், எதைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்று சொல்ல உள்ளூர் இளைஞர்கள் இருவரும் போதும். மாவட்ட நிர்வாகம் அடுத்த மழைக்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

- வாசகர், பெரம்பலூர்