சத்துணவு மையத்துக்குரிய காய்கறி, எரிபொருள் தொகையை மாதத் தொடக்கத்திலேயே வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பெற்றோர் உறுப்பினர்கள், பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: சத்துணவு மையம் – காய்கறி, மசாலா, எரிபொருள் தொகை தாமதம் – முன்பணமாக வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்த மனு. 2. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் இருமுறை கொடுத்த மனுக்கள். 3. முதல்வரின் உதவி மையம் 1100-இல் பதிந்த புகார்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள எங்கள் பள்ளியைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். வியாழன் சந்தையை விட்டால் பஸ் நிறுத்தத்து மளிகைக் கடைதான் இங்கே கதி என்பதும் தாங்கள் அறிந்ததே. ஆகவே ஊர் நிலவரத்தை விவரிக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1. மையத்தில் சாப்பிடும் பிள்ளைகள் 135 பேர். ஒன்று முதல் ஐந்து வரை 84, ஆறு முதல் எட்டு வரை 51. சின்னப் பிள்ளைக்கு அரிசி 100 கிராம், காய் 50 கிராம். பெரிய பிள்ளைக்கு அரிசி 150, காய் 75. ஆக ஒரு நாளைக்கு அரிசி 16 கிலோ, நறுக்கிய காய் 8 கிலோ. தோல், காம்பு, சொத்தை கழித்து எட்டு கிலோ தேற வேண்டுமானால் ஒன்பதரை கிலோவாவது வாங்க வேண்டும்.

2. அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு எல்லாம் நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து பொருளாகவே வந்துவிடுகின்றன. முட்டையும் தனியாக வருகிறது. அவற்றில் எங்களுக்குப் பெரிய குறையில்லை. குறை முழுவதும் அமைப்பாளர் கையிலிருந்து பணம் போட்டு வாங்கும் மூன்றில்தான்: காய்கறி, மசாலாச் சாமான், எரிபொருள். அந்தத் தொகை மாதம் முடிந்து, பட்டியல் போய், ஒப்புதல் ஆகி வருவதற்குள் இரண்டு மாதம், சில சமயம் மூன்று மாதம் ஆகிவிடுகிறது.

தொகை குறைவு என்பது ஒரு பக்கம். தாமதம்தான் அதைவிடப் பெரிய செலவு. இதை மூன்று மனுக்களிலும் எழுதினோம், யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கையில் ரொக்கம் இருந்தால் வியாழன் சந்தையில் வாரத்துக்கான வெங்காயம், உருளை, பூசணியை மொத்தமாக எடுத்துவிடலாம். ரொக்கம் இல்லாததால் தினமும் கடனுக்கு வாங்க வேண்டியிருக்கிறது. கடனுக்குக் கொடுப்பவர் கிலோவுக்கு ஐந்து ரூபாயாவது ஏற்றித்தான் கொடுப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒன்பதரை கிலோவுக்கு நாளொன்றுக்கு 47 ரூபாய் 50 காசு. 22 பள்ளி நாளுக்கு 1,045 ரூபாய். மத்திய அரசு 2025 மே 1 முதல் அறிவித்த பொருள்செலவு, பிள்ளை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு, தொடக்க வகுப்பில் 6.78 ரூபாய், உயர்தொடக்க வகுப்பில் (ஆறு முதல் எட்டு வரை) 10.17 ரூபாய். அந்தக் கணக்கில், பருப்பும் எண்ணெயும் உட்பட, 135 பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு ஆகும் முழுத் தொகையே 1,088 ரூபாய்தான். அதாவது ஏறத்தாழ ஒரு நாள் சாப்பாட்டுப் பணம் மாதாமாதம் கடன் ஏற்றத்திலேயே போய்விடுகிறது. அதுவும் வாடிய கத்தரிக்காய்க்கு.

3. இது தட்டில் எப்படித் தெரிகிறது என்பதைத் தாங்கள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். சாம்பார் நாளில் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி எடுத்தாலும் மேலே வருவது இரண்டு முள்ளங்கித் துண்டு. உணவுப் பட்டியலில் வெங்காயம், தக்காளி மசாலா முட்டை என்று இருக்கும் நாளில், வெங்காயமும் இல்லை, தக்காளியும் இல்லை. அவித்த முட்டையின் மேல் மிளகாய்த்தூள் தூவியிருக்கும். வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு தலைக்கு 20 கிராம், 2 கிலோ 700 கிராம் போட வேண்டும். ஒன்றரை கிலோவை நகக்கண் அளவுக்கு நறுக்கி எல்லாத் தட்டுக்கும் காட்டுகிறார்கள். சமையலர்மேல் பிழையில்லை ஐயா. இருப்பதை வைத்து அவர் என்ன செய்வார்?

காய் குறைந்தால் பிள்ளைகள் சோற்றை ஒதுக்குகிறார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவரத் தொடங்குகிறார்கள். உண்போர் எண்ணிக்கை குறைகிறது. எண்ணிக்கை குறைந்தால் அடுத்த மாதத் தொகையும் குறைகிறது. அதில் வாங்கும் காய் இன்னும் குறைகிறது. பிறகு ஆய்வுக்கு வருபவர், “ஏன் இத்தனை பேர் சாப்பிடவில்லை?” என்று அமைப்பாளரைக் கேட்கிறார்!

4. விலை ஏறும்போது தொகை ஏறுவதில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது பொருள்செலவு 5.45, 8.17 என்றே இருந்தது. எங்கள் எண்ணிக்கைக்கு அது ஒரு நாளைக்கு 874 ரூபாய். 16 கிலோ அரிசிக்குத் தக்காளி சாதம் கிளற ஐந்து கிலோ தக்காளி வேண்டும். பாதிக்கு மேல் அதிலேயே போயிற்று.

5. எரிவாயு: 14.2 கிலோ சிலிண்டர் எட்டு நாளைக்கு மேல் தாங்குவதில்லை. பழைய இருப்புப் பருப்பு வந்தால் வேக நேரமாகி, அதுவும் இல்லை. மாற்றுச் சிலிண்டர் கிடையாது. தீர்ந்த அன்று விறகுதான்.

6. நன்கொடையாளரைப் பிடியுங்கள் என்று ஒன்றிய அலுவலகத்தில் சொன்னார்கள். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு எட்டாம் வகுப்பு வரை மதிய உணவைப் பிள்ளையின் உரிமை என்கிறது. 1982 ஜூலை 1 முதல் இந்தத் திட்டத்தை நடத்திவரும் மாநிலத்தில், முள்ளங்கிக்கு நாங்கள் உண்டியல் குலுக்க வேண்டுமா? 2015 மதிய உணவு விதிகளில், சமையல் தொகை தற்காலிகமாக வராவிட்டால் பள்ளியிலுள்ள எந்த நிதியையும் எடுத்துச் செலவிட்டு, தொகை வந்ததும் ஈடுசெய்யத் தலைமையாசிரியருக்கு அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. தலைமையாசிரியர் கேட்பது ஒன்றே ஒன்று: எழுத்தில் ஒரு உத்தரவு. தணிக்கையில் தன் தலை உருளக்கூடாது என்ற அவர் பயம் நியாயமானது. அந்த ஒரு தாளுக்காக எத்தனை திங்கட்கிழமை வரிசையில் நிற்பது ஐயா? 1100-இல் பதிந்த புகார், “தொடர்புடைய அலுவலருக்கு அனுப்பப்பட்டது” என்ற ஒரு வரியோடு முடித்துவைக்கப்பட்டது. முடிந்தது எது?

7. மனு கொடுத்தோம். மறுபடி கொடுத்தோம். இதுவும் மனுதான்.

ஆகவே தாங்கள் கருணை கூர்ந்து,

நிலுவைத் தொகையை உடனே விடுவிக்கவும்,

இனி முந்தைய மாத எண்ணிக்கையை வைத்து ஒரு மாதத் தொகையை முதல் வாரத்துக்குள் முன்பணமாக மையத்தின் வங்கிக் கணக்கில் செலுத்தி, கூடுதல் குறைவை அடுத்த மாதத்தில் சரிக்கட்டவும்,

2015 விதிப்படி செலவிடத் தலைமையாசிரியருக்கு எழுத்துப்பூர்வமாக அறிவுறுத்தவும்,

ஒரு மாற்றுச் சிலிண்டர் வழங்கவும்

உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். நான்கும் ஒரே சமயத்தில் முடியாதென்றால், முன்பணத்தை மட்டுமாவது முதலில் கொடுங்கள் ஐயா. ரொக்கத்தோடு வியாழன் சந்தைக்குப் போக முடிந்தால் மீதியில் பாதியை நாங்களே சமாளித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர்
(கையொப்பங்கள் இணைப்பில்)

நகல்: ஆட்சியரின் நேர்முக உதவியாளர் (சத்துணவு), வட்டார வளர்ச்சி அலுவலர்.