இத்தாலியப் படங்கள்: சனிக்கிழமை திரையிடல், அடுத்ததற்கு ஓட்டு

எல்லோருக்கும் வணக்கம். இந்த மாதம் இத்தாலி என்று முடிவாகிவிட்டது. 14ஆம் தேதி சனிக்கிழமை மாலை 6:30, மாடி ஹால்.

1. முதல் படம் டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' (1948), இதற்கு ஓட்டெடுப்பு கிடையாது. போர் முடிந்த ரோமில் சைக்கிள் இருந்தால்தான் வேலை என்ற நிலையில் அதைப் பறிகொடுத்தவனும் அவன் மகனும் தெருத்தெருவாகத் தேடுகிறார்கள், அவ்வளவுதான் கதை. அப்பாவாக வருபவர் தொழில்முறை நடிகரே அல்ல, தொழிற்சாலைத் தொழிலாளி. ஒன்றரை மணி நேரம்தான்.

2. அடுத்த படத்துக்கு ஓட்டு போடுங்கள்:
அ) ஃபெலினியின் 'லா ஸ்ட்ராடா' (1954). நாயகி ஜூலியெட்டா மசீனாவின் முகத்துக்காகவே என் ஓட்டு இதற்கு.
ஆ) டொர்னாடோரேயின் 'சினிமா பாரடைசோ' (1988). இசை மோரிகோனே.
இ) அன்டோனியோனியின் 'லவென்சுரா' (1960). கான் திரைப்பட விழாவிலேயே பிடிக்காமல் கூச்சல் போட்டார்கள், அதனால் பொறுமை இருப்பவர்கள் மட்டும்.

3. ஆங்கில சப்டைட்டில்தான். கண் சிரமம் உள்ள பெரியவர்களுக்கு முன்வரிசை.

4. வியாழன் இரவுக்குள் எத்தனை பேர் வருகிறீர்கள், அ/ஆ/இ எது என்று பதில் போடுங்கள். வெறும் கட்டைவிரல் கணக்கில் வராது.

5. புரொஜெக்டர் கிடைத்துவிட்டது. நல்ல ஸ்பீக்கர் யாரிடமாவது இருந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.