போனில் பார்த்திருக்கலாமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். முழங்கால் தேய்ந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைச் சீட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு முள்ளோடை தாண்டிப் புதுச்சேரிக்கு பஸ் ஏறுகிறேன். போன தடவை காலை ஆறரைக்குக் கிளம்பினேன். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை பரவாயில்லை, அதே மாத்திரையைச் சாப்பிடுங்க" என்றார். மூன்று நிமிடம்தான். வீடு திரும்பும்போது மணி இரண்டு. "இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே" என்றாள் மனைவி.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் டாக்டர் உரிமம் வேறு. அப்படியும் 2018 ஜூனில் வந்த 'மிஷன்' சட்டம், முன்னாள் வீரர்கள் துறையின் டாக்டர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், நோயாளி எங்கே இருந்தாலும், காணொளியில் வைத்தியம் பார்க்க வழிவிட்டது. நமக்கோ அந்தத் தடையே இல்லை. 2020 மார்ச் மாத வழிகாட்டுதல்படி, பதிவு பெற்ற டாக்டர் நாட்டின் எந்த மூலையில் உள்ளவருக்கும் தொலைவிலிருந்து ஆலோசனை தரலாம். 2021 மே மாதம் பாதுகாப்பு அமைச்சகம் முன்னாள் வீரர்களுக்கும் சேர்த்து, வீட்டிலிருந்தே காணொளியில் டாக்டரிடம் பேசும் 'செஹத்' சேவையைத் தொடங்கியது. எங்கள் தெருவில் நான்கு முன்னாள் வீரர்கள் இருக்கிறோம். என்னைத் தவிர யாருக்கும் இது தெரியாது, எனக்கே என் பேரன் சொல்லித்தான் தெரியும்.

முன்னாள் வீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸின் பாலிகிளினிக்குகளில் வாரம் ஒரு நாளாவது ஒருவரை உட்கார வைத்து, எங்களுக்குப் பதிவு செய்து, டாக்டரோடு பேச வைக்க வேண்டும். அடுத்த தெருவில் ஒரு வீரரின் விதவை இருக்கிறார். அந்த அம்மாவிடம் இருப்பது பட்டன் போன்தான்.

ஓய்வு பெற்ற ஹவில்தார்,
மஞ்சக்குப்பம், கடலூர்