முன்னோடிகளின் பேரேடு

ஆசிரியருக்கு,

வணிகப் பண்டமாற்றுத் துறையின் மறைந்த முன்னோடிகள் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, அவர்களைக் 'காசில்லாமல் வணிகம் செய்தவர்கள்' என்று சொல்லி நகர்ந்துவிட்டது. அரைகுறைப் புகழ்ச்சி இது. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தரும் பெண்கள் மும்பைத் தெருக்களில் இன்றும் அதைத்தான் செய்கிறார்கள். (கால்சட்டையின் ஜிப்பை இழுத்துப் பார்க்காமல் கிண்ணம்கூடக் கைமாறாது!) முன்னோடிகள் தந்தது கணக்குமுறை. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் பணம் முடங்கியிருந்த 1934-இல் வெர்னர் சிம்மர்மன், பால் என்ஸ் ஆகியோர் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய 'விர்' கூட்டுறவில், தச்சருக்குச் சாயம் பூசியவர் தச்சரிடமே நாற்காலி வாங்க வேண்டியதில்லை; தம் பெயரில் ஏறிய வரவை வேறு எந்த உறுப்பினரிடமும் செலவிடலாம். அமெரிக்காவிலும் 1982-ஆம் ஆண்டுச் சட்டம், உறுப்பினர்களிடையே இத்தகைய மாற்றுகளை நடத்தும் பண்டமாற்று நிலையங்கள் அவர்களின் கணக்கை வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது.

எல்லா உறுப்பினர்களின் வரவுசெலவையும் பதியும் அத்தகைய பொதுப் பேரேடு இல்லாவிட்டால் என்னவாகும் என்பதை மாட்டுங்காவில் அச்சகம் நடத்திய நான் அறிவேன். ஓர் உணவகத்துக்குப் பில் புத்தகங்கள் அச்சிட்டுக் கொடுத்தேன். கூலிக்குப் பதில் என் ஆட்களுக்கு மதியச் சாப்பாடு என்பது வாய்ப்பேச்சு. உரிமையாளர் மாறினார், அதன்பின் ரசம்கூட வரவில்லை. மாட்டுங்கா, தாராவி, செம்பூரில் இப்படிச் சரக்குக்குச் சரக்கு மாற்றிப் பிழைத்த மூத்த தமிழ் வணிகர்களைத் தங்கள் நிருபர்கள் நேரில் கண்டு, அவர்களுடைய பழைய கணக்கேடுகளின் பக்கங்களோடு ஒரு தொடராக வெளியிடலாம். இரங்கல் பக்கம் வரை காத்திருக்க வேண்டாம்.

– ஓய்வுபெற்ற அச்சக உரிமையாளர், மாட்டுங்கா, மும்பை