ஓதுவார் பாடும்போது முரசு மோட்டாரை நிறுத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோயில்களில் பூஜையின்போது தேவாரம், திருவாசகம் பாடும் ஓதுவார்களின் காலிப் பணியிடங்களை நிரப்பச் சொல்லி இந்தப் பகுதியில் வாசகர்கள் அவ்வப்போது எழுதுகிறார்கள். நியாயமான கோரிக்கைதான். 2021-ல் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலில் ஒரு பெண் ஓதுவாரை நியமித்தபோது எத்தனை பேர் மகிழ்ந்து பேசினோம்! ஆனால் நியமித்த பிறகு அவர்கள் பாடுவது நம் காதில் விழுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. என் கோரிக்கை மிகச் சின்னது. ஓதுவார் பாடும் அந்தப் பத்து நிமிடம் மின்சார முரசை நிறுத்தி வையுங்கள்.

மயிலாடுதுறைப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். வயல் மோட்டார், மிக்ஸி, கிரைண்டரோடு சுற்றுவட்டாரக் கோயில்களின் முரசு மெஷின்களும் கடைக்கு வரும். இரும்பு ஆங்கிள் சட்டம், சின்ன மோட்டார், பெல்ட், பெரிய புல்லி. ஷாஃப்ட் சுற்றச் சுற்ற முரசில் கோல் விழும், மணி ஆடும், ஜால்ரா தட்டும். அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, எனக்கும் அதில் நாலு காசு வருகிறது. நாதஸ்வரம், தவிலுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாத கோயில் வேறு என்ன செய்யும்? கற்பூரம் காட்டும்போது அடிக்கட்டும், ஊர் முழுக்கக் கேட்கட்டும்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். தீபாராதனை ஆனதும் ஓதுவார் ‘திருச்சிற்றம்பலம்’ சொல்லிப் பஞ்சபுராணம் தொடங்குவார். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாட்டு. எங்கள் ஊர்க் கோயிலில் (பெயர் வேண்டாம், ஓதுவாருக்குத்தான் சங்கடம்) முரசின் சுவிட்ச் மடைப்பள்ளிச் சுவரில் இருக்கிறது. அதைப் போட்டவர் அதற்குள் தீர்த்தம் கொடுக்கவோ கூட்டத்தை ஒதுக்கவோ போய்விடுவார். நிறுத்த ஆளில்லை. அர்த்த மண்டப வாசலில் ஓதுவார் சுருதிப் பெட்டியைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு பாடுகிறார். அவருக்கே சுருதி கேட்காது. ஒரு பிரதோஷத்தன்று அவருக்கு இரண்டு முழம் தள்ளித்தான் நின்றேன். உதட்டசைவைப் பார்த்து, ‘மாசில் வீணையும்’ பாடுகிறார் என்று நானாகத்தான் ஊகித்துக்கொண்டேன். சத்தத்தை அணைத்துவிட்டு டிவி பார்த்த மாதிரி இருந்தது.

இரைச்சலோடு போனால் கூடப் பரவாயில்லை. தாளத்தோடு பாடினால் பண்ணாங்கம், தாளக்கட்டு இல்லாமல் விரித்துப் பாடினால் சுத்தாங்கம் என்று ஓதுவார்கள் சொல்வார்கள். எங்கள் ஓதுவார் பூஜையில் பெரும்பாலும் சுத்தாங்கமாகத்தான் பாடுவார். திருவாசகத்தை மோகன ராகத்தில் எடுத்து, ஒரு சொல்லில் நின்று, மூச்சு வாங்கி, அடுத்த சொல்லுக்குப் போவார். அந்த இடைவெளியில்தான் பாட்டே இருக்கிறது. அதற்குள் முரசு நாலு அடி அடித்துவிடும். அப்பர் அழுதாலும் சம்பந்தர் குதூகலித்தாலும் மோட்டாருக்கு ஒரே ஆர்.பி.எம். அர்த்தஜாமத்தில் சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருளும்போதும் இதே கூத்துதான். ஓதுவார் தாலாட்டு ராகமான நீலாம்பரியில் பாட, பக்கத்தில் முரசு அதிர, சுவாமி எப்படித் தூங்குவார் என்று எனக்குத் தெரியவில்லை.

கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் பூஜை முடிந்தது என்று பலரும் நினைக்கிறோம். ‘அர்ச்சனை பாட்டே ஆகும்’ என்று இறைவனே சுந்தரரிடம் சொன்னதாகச் சேக்கிழார் பாடியிருக்கிறார். அந்தக் கணக்கில், நாம் திருநீற்றை மடித்துக்கொண்டு செருப்பைத் தேடும் நேரத்தில் உள்ளே அர்ச்சனை நடந்துகொண்டிருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று உண்டு. திருப்பதியம் (தேவாரப் பதிகம்) பாட ராஜராஜ சோழன் 48 பிடாரர்களை நியமித்தான். அவர்களோடு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். மொத்தம் 50 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல். யாராவது இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்த இடத்தில் யாரைப் போடுவது என்பதுகூட அதில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அந்த விகிதம்தான். 48 குரல், இரண்டே இரண்டு தோல் கருவி, அந்த இரண்டும் பாட்டுக்குத் துணை. இன்று எங்கள் கோயிலில் குரல் ஒன்று. கருவிகள் எத்தனை இருந்தாலும், அந்த மெஷினைப் பிரித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஓதுவாருக்குத் துணையாக அதில் எதுவும் இல்லை.

போன வருஷம் அந்த மெஷின் பேரிங் போய், காயிலும் எரிந்து என் கடைக்கு வந்தது. நான் தாமதம் செய்யவில்லை, வேண்டிய கேஜில் செம்புக் கம்பி உடனே கிடைக்கவில்லை. அது கடையில் கிடந்த நாட்களில் அர்ச்சகர் கைமணியை ஆட்டித் தீபாராதனை காட்டினார், பிறகு ஓதுவார் பாடினார். திருநீறு வாங்க நின்ற வரிசை ‘மந்திரமாவது நீறு’ கேட்டு அப்படியே நின்றது. பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் கூடவே முணுமுணுத்தார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததாம். ஒரு அம்மா என் மனைவியிடம், “புதுசா ஓதுவார் போட்டிருக்காங்களா, நல்லாப் பாடறாரே?” என்று கேட்டார். அந்த ஓதுவார் எத்தனையோ வருஷமாக அதே இடத்தில் நின்று பாடுகிறார்.

அப்புறம் மெஷினைச் சரிசெய்து கொண்டுபோய் மாட்டினேன். மறுநாளே பழையபடி.

கோபுரத்து ஒலிபெருக்கியும் இப்படித்தான். உள்ளே ஓதுவார் நேரில் பாடிக்கொண்டிருக்க, வெளியே பதிவு செய்த தேவாரம் முழங்கினால் எதைக் கேட்பது? அதையும் அந்த நேரத்துக்கு அணைத்து வைக்கலாம்.

இந்து சமய அறநிலையத் துறை ஒரு வரிச் சுற்றறிக்கை அனுப்பினால் போதும். பஞ்சபுராணம் தொடங்கும் முன் முரசும் ஒலிபெருக்கியும் நின்றிருக்க வேண்டும். சுவிட்ச் தூரத்தில் இருக்கிறது, ஆள் இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். முரசுக்குப் போகும் லைனில் இன்னொரு சுவிட்சை இணைத்து, ஓதுவார் நிற்கும் தூணுக்குப் பக்கத்துச் சுவரில் வைத்தால் அவரே கை நீட்டி அணைத்துவிடுவார். கொஞ்சம் வயர், பிவிசி பைப், ஒரு சுவிட்ச் பாக்ஸ், அரை நாள் வேலை. கல்லில் துளை போடக் கூடாது, கிளாம்பு போட்டே செய்யலாம். எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பொருளும் என்னுடையது, கூலியும் வேண்டாம். செயல் அலுவலரிடம் வாய்மொழியாகச் சொல்லிப் பார்த்தேன், எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர்,
மயிலாடுதுறை மாவட்டம்.