பொருள்: புது பிக்கப்பில் 65 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங் உதறல் – ஐந்து முறை சர்வீஸுக்கு விட்டும் சரியாகவில்லை

பெறுநர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பிக்கப் ஒன்றை 2025 ஜூன் மாதம் புதிதாக எடுத்தேன். 15 இஞ்ச் சக்கரம் போட்ட, நீளமான பாடி உள்ள வண்டி. அதன் குணம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் விளக்கிக்கொண்டிருக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஒட்டன்சத்திரம் மண்டியிலிருந்து முருங்கை, தக்காளி ஏற்றிக்கொண்டு பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போவதுதான் என் பிழைப்பு. நானே ஓனர், நானே டிரைவர். வண்டி மூவாயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் உதறல் ஆரம்பித்துவிட்டது. 60 கி.மீ. வேகம் வரை ஒன்றும் இல்லை. 65-ல் ஸ்டீயரிங் லேசாகத் துடிக்கும், 72, 75-ல் கை மணிக்கட்டு வரை ஆடும். லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படித்தான். நியூட்ரலில் போட்டு உருளவிட்டாலும் உதறுகிறது, அப்படியானால் இன்ஜின் இல்லை. பிரேக் மிதித்தால் கூடுவதும் இல்லை, அப்படியானால் டிஸ்க்கும் இல்லை. இதையெல்லாம் முதல் தடவை உங்கள் சர்வீஸ் சென்டரில் விட்டபோதே, வண்டியின் குறைகளை எழுதும் ஜாப் கார்டில் எழுதச் சொன்னேன். "வைப்ரேஷன்" என்று ஒரே வார்த்தை எழுதினார்கள்.

ஐந்து முறை விட்டிருக்கிறேன். மூன்று முறை வீல் பேலன்சிங் (வெயிட் ஒட்டிச் சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது), இரண்டு முறை அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது). வாரண்டியில் வராது என்று ஒவ்வொரு முறையும் பில் போட்டு மொத்தம் 4,600 ரூபாய் வாங்கினார்கள். அலைன்மென்ட் தப்பாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். ஸ்டீயரிங் ஏன் உதறப்போகிறது? என் வண்டி நூல் பிடித்த மாதிரி நேராகத்தான் போகிறது. பிறகு எதற்கு இரண்டாவது தடவையும் அதையே செய்தீர்கள்?

சர்வீஸ் சென்டரில் வண்டியை வாங்கிக் குறை கேட்கும் அட்வைசரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மூன்றாவது முறை போனபோது என் மகனும் கூட இருந்தான். அவன் முன்னால் அவர் சொன்னது: "பிக்கப்னா உதறத்தாங்க செய்யும். சொகுசா போகணும்னா கார் வாங்கியிருக்கணும். 60-லயே ஓட்டுங்க, ஒண்ணும் தெரியாது." ஐயா, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்து 80-ல் பூட்டித்தானே வண்டியைக் கொடுத்திருக்கிறீர்கள்? அந்த 80 வரைக்குமாவது ஒழுங்காகப் போக வேண்டாமா? 22 வருடமாக லோடு வண்டி ஓட்டுகிறேன். எந்த ஆட்டம் வண்டியின் இயல்பு, எந்த ஆட்டம் கோளாறு என்று எனக்குத் தெரியும்.

அவர் செய்யாத சோதனையை மண்டிக்குப் பக்கத்து டயர் கடையில் வைத்து நாங்களே செய்தோம். இடது முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை மாட்டினோம். உதறல் போய்விட்டது. கழற்றிய சக்கரத்தைப் பின்னால் மாட்டினோம். ஸ்டீயரிங் அமைதியாக இருந்தது, உதறல் சீட்டுக்கு வந்துவிட்டது. கோளாறு அந்தச் சக்கரத்தோடு கூடவே போகிறது! இதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

பாலிடெக்னிக் படிக்கும் என் மகன் போனில் அதிர்வு பார்க்கும் ஆப் போட்டு அளந்தான். இந்த டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். 72-ல் வண்டி நொடிக்கு 20 மீட்டர் போகிறது, சக்கரம் நொடிக்கு ஒன்பது சுற்று சுற்றுகிறது. ஆப்பும் நொடிக்கு ஒன்பது அதிர்வுதான் காட்டியது. இன்ஜின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட், அதிலுள்ள கிராஸ், சென்டர் பேரிங் கோளாறாக இருந்தால் முப்பதைத் தாண்டிக் காட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் ஷாஃப்ட் சக்கரத்தைவிட ஏறக்குறைய நாலு மடங்கு வேகமாகச் சுற்றும்.

அப்புறம் ஜாக்கி போட்டுத் தூக்கி, டயருக்கு ஒட்டினாற்போல ஒரு ஸ்க்ரூடிரைவரை நிறுத்திவைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டோம். ஒரு இடத்தில் டயர் உரசுகிறது. அதற்கு எதிர்ப்பக்கம் இரண்டு ஒரு ரூபாய் நாணயம் அடுக்கினால் நுழையும் அளவுக்கு இடைவெளி. ரிம் விளிம்பு மட்டும் ஆடாமல் சுற்றுகிறது. ஆக டயரே வட்டமாக இல்லை. வட்டமில்லாத டயருக்கும் வெயிட் ஒட்டி, பேலன்சிங் மெஷினில் எடை வித்தியாசம் சைபர் என்று கொண்டுவந்துவிடலாம். ஏனென்றால் மெஷின் அதை அந்தரத்தில் சுற்றிப் பார்க்கிறது. ரோட்டில் வண்டியின் பாரம் ஏறினால் மேடு மேடுதான். இது உங்கள் ஆட்களுக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

இன்னொன்று. மற்ற டயர்களின் பக்கவாட்டில் 1425 என்று இருக்கிறது, அதாவது 2025-ன் 14-வது வாரம். இந்த ஒன்றில் மட்டும் 3124, அதாவது 2024-ன் 31-வது வாரம். புது வண்டியில் ஒரு டயர் மட்டும் ஏன் எட்டு மாதம் மூத்தது? இதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

இதையெல்லாம் போட்டோவோடு காட்டிய பிறகு, "டயர் எங்க வாரண்டியில இல்ல, டயர் கம்பெனியைக் கேளுங்க" என்றார் அதே அட்வைசர். டயர் கம்பெனி, டீலர் வழியாக வரச் சொன்னது. டீலர், இன்ஸ்பெக்டர் வரும் நாளில் கோவைக்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். அன்று கிடைத்திருந்த பாலக்காடு லோடை வேறு வண்டிக்கு விட்டுவிட்டு, நூறு கிலோமீட்டருக்கு மேல் காலி வண்டி ஓட்டிக்கொண்டு காலை ஒன்பது மணிக்குப் போய் நின்றேன். மாலை ஐந்தரை வரை யாரும் வரவில்லை. சாப்பிட்டீர்களா என்றுகூட ஒருவர் கேட்கவில்லை. கடைசியில் "அவர் லீவு, நாங்க சொல்ல மறந்துட்டோம்" என்றார்கள். அன்று இரவு வீட்டுக்கு வரும் வழியில் போனுக்கு மெசேஜ் வருகிறது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. உடுமலையில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். யார் தீர்த்தது? எதைத் தீர்த்தது?

அந்த லோடு கொடுத்த வியாபாரி இப்போது என்னைக் கூப்பிடுவதே இல்லை. டீசல், விட்டுப்போன வாடகை, தவணை தவறியதற்கு அபராதம் எல்லாம் சேர்த்தால் மூன்று லட்சத்துக்குக் குறையாது. என் பெயரே மண்டியில் கெட்டுப்போனது.

தயவுசெய்து 15 நாளுக்குள் அந்தச் சக்கரம் எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் டயல் கேஜ் கருவியை வைத்து என் கண் முன்னால் அளந்து, டயரை மாற்றிக் கொடுங்கள். 4,600 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். டயர் கம்பெனியோடு பேச வேண்டியது நீங்கள்தான், அந்த டயரை நான் தேர்ந்தெடுக்கவில்லை. இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வணிக வண்டிக்கு அங்கே இடமில்லை என்றும் அந்த அட்வைசர் சொன்னார். பிழைப்புக்காகத் தானே வாங்கித் தானே ஓட்டுகிறவனும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 2(7) விளக்கத்தில் இருக்கிறது. அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

ஜாப் கார்டுகள், பில்கள், டயர் எண் போட்டோ, வீடியோ எல்லாம் இணைத்திருக்கிறேன். வியாழக்கிழமைகளில் எனக்கு லோடு இல்லை, அன்று வரச் சொன்னால் காலையிலேயே வந்துவிடுவேன். அந்த அட்வைசர் மட்டும் என் வண்டியைத் தொட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஒட்டன்சத்திரம்