தாழ்த்திய காரும் கம்பி தெரியும் டயரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், ஸ்போர்ட்ஸ் கார்களைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி ஓட்டுபவர்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகாக இருந்தன. ஆனால் சக்கரத்தையும் பாடியையும் இணைக்கும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் அமைப்பான சஸ்பென்ஷனைப் பற்றி, 'தாழ்த்தினால் கார் சாலையைக் கவ்விப் பிடிக்கும்' என்ற ஒரே வரியோடு கட்டுரையாளர் நிறுத்திக்கொண்டார். கோயம்புத்தூரில் இருபத்தைந்து ஆண்டுகளாக, சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் பட்டறை நடத்தும் எனக்கு, அந்த வரி பாதிதான் உண்மை என்று எழுத வேண்டியிருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். கார் இடப்பக்கம் இழுக்கிறது என்பதுதான் அவர் சொன்ன குறை. டயர் மாற்றி ஏழு மாதமே ஆகிறது என்றார்; வெளியிலிருந்து பார்த்தால் டயரின் பட்டனும் (தரையைப் பிடிக்கும் வரிகள்) நன்றாகவே இருந்தது. லிஃப்டில் ஏற்றி, முன் டயரின் உள்விளிம்பைத் தடவியபோது விரலில் கம்பி குத்தியது. ஏதோ ஒரு பட்டறையில் ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை அறுத்து எடுத்துக் காரைத் தாழ்த்தியிருக்கிறார்கள். அதன்பின் அலைன்மென்ட் பார்க்கவே இல்லை. கார் தாழும்போது சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்கிறது, அதாவது கேம்பர் மாறுகிறது. கூடவே டோவும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணமும், நகர்ந்துவிடுகிறது. எங்கே தேயும் என்பதைக் கேம்பர் முடிவு செய்யும், ஆனால் டயரை உண்மையில் அரைத்துத் தின்பது டோதான்.

டயராவது கண்ணில் படும் நட்டம். கண்ணில் படாதது, சக்கரம் மேலே ஏறி இறங்குவதற்கென்று விடப்பட்டிருக்கும் இடம். பள்ளத்தில் விழும்போது சக்கரம் மேலேறுவதற்கு 80 மி.மீ. இருக்கும் ஒரு காரை 40 மி.மீ. தாழ்த்தினால், அந்த இடத்தில் பாதியைக் கார் நிற்கும்போதே செலவழித்துவிட்டோம் என்று பொருள். மீதி தீர்ந்ததும் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் இடிக்கும். அந்த இடி ஷாக் அப்சார்பரின் மேல் மவுண்டிங்குக்கும் பாடிக்கும் நேராகப் போகும். வளைவில் வேகமாகத் திரும்பும்போது இப்படி இடித்தால், சக்கரம் சாலையைக் கவ்வுவதற்குப் பதில் சட்டென்று வழுக்கிவிடும். ஸ்பிரிங்கை அறுப்பதில் இன்னொரு வினையும் உண்டு. ஆறு சுற்றுள்ள ஸ்பிரிங்கில் ஒன்றரையை எடுத்தால் அதன் கடினம் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஷாக் அப்சார்பரோ பழைய ஸ்பிரிங்கின் கணக்குக்குச் செய்யப்பட்டது. புதிய துள்ளலை அதனால் அடக்க முடியாது. சக்கரம் முழுதாகத் தொங்கும் நேரத்தில், ஸ்பிரிங்கின் அறுபட்ட முனை அது உட்காரும் தட்டை விட்டு நழுவுவதையும் பார்த்திருக்கிறேன்.

ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் கார் குறைவாகச் சாயும் என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் ஷாக் அப்சார்பரே சக்கரத்தின் மேல்பக்கத்தைத் தாங்கும் மேக்ஃபர்சன் வகை முன் சஸ்பென்ஷனில், சக்கரத்தைக் கீழே காரோடு இணைக்கும் லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போகும் அளவுக்குத் தாழ்த்திவிட்டால், கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கூடுவதால், அதே ஸ்பிரிங்கில் கார் முன்னைவிட அதிகமாகவே சாயும். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் பந்தயக் கார்கள் தரையை ஒட்டியே இருக்கின்றனவே என்று கேட்பார்கள். அவை வழவழப்பான தளத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அங்கே வந்து சேர்வதும் வண்டியில் ஏற்றப்பட்டுத்தான்.

நம் தெருவுக்கு வருவோம். இந்தியச் சாலைப் பேரவையின் நெறிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் இருக்க வேண்டும். அப்படிக் கட்டினால் இரண்டரை மீட்டர் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) உள்ள காரின் அடிவயிற்றுக்கு 5 செ.மீ. இடைவெளியே போதும், ஏனெனில் நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் மேட்டின் மீதே நிற்கும். ஆனால் ஒரு முழ அகலத்தில் சுவர்போல் எழுப்பப்பட்ட தடைகளில் மேட்டின் முழு உயரமும் காருக்கு அடியில் புகுந்துவிடுகிறது. 14 செ.மீ. இடைவெளியை 10 ஆக்கிக்கொண்டவர் அங்கே இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் ஆயில் சம்ப்பைத்தான் பலி கொடுக்கிறார். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் லங்கா கார்னர் சுரங்கப்பாதை பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்துக்குப் பின் காப்பீட்டுக் கழகத்தின் சர்வேயர் முதலில் குனிந்து பார்ப்பதும் இதைத்தான்.

அந்த இளைஞரின் காருக்கு, அறுத்த ஸ்பிரிங்கை ஒட்டவைக்க வழியில்லாததால், நான்கு புதிய ஸ்பிரிங்குகளும் இரண்டு டயர்களும் வாங்க வேண்டியதாயிற்று. காரை உயர்த்திவிட்டோமே என்று அவருக்கு வருத்தம்தான்; அடுத்த வாரம் போன் செய்து, வீட்டு வாசல் சரிவில் பம்பர் உரசவில்லை என்று மட்டும் சொன்னார்.

இப்படிக்கு,
வீல் அலைன்மென்ட் பட்டறை உரிமையாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்